தலைப்பிரசவத்துக்கு வாங்கிய ஏ.சி.

ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் என் தங்கையின் மாமியார் சாத்தூரிலிருந்து போன் செய்தார். நலம் விசாரித்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"ஒங்க ஊரு குளிருக்குப் பச்சப்புள்ள தாங்காதும்மா. தலைப்பிரசவம் எங்க வீட்டுலயே நடக்கட்டும். நான் பாத்துக்கிடுதேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. எனக்கு மூக்கு மேல் கோபம் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், சம்பந்தி வீட்டுக்குத்தான் இன்னும் தெரியாது. பல்லைக் கடித்துக்கொண்டு, "அதெல்லாம் இங்க ஒண்ணும் அவ்ளோ குளிரு இல்ல அத்தே" என்றேன். சொல்லும்போது ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, காலில் சாக்ஸும் மாட்டியிருந்தேன்.

எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. அம்மா போனபோது தங்கை கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு அவளுக்கு லீவு விட்டால் வர, காய்ச்சல் வந்தால் படுக்க, மாப்பிள்ளை பார்த்தால் சண்டை போட என்று இருந்தது ஓசூரில் நானும் என் வீட்டுக்காரரும் வாடகைக்கு இருக்கும் இந்த மாடி வீடுதான். கூட வேலை பார்த்த சாத்தூர்ப் பையனைக் கட்டிக்கொண்டு போனாள். நல்ல பையன், நல்ல குடும்பம், அதில் குறையே இல்லை. ஆனால் தலைப்பிரசவத்தைப் பெண் தாய்வீட்டில்தான் பார்க்க வேண்டும். மாமியார் வீட்டிலேயே பெற்றுக்கொண்டாள் என்றால் ஊரில் என்ன சொல்வார்கள்? பாவம், அவளுக்குக் கேட்க நாதி இல்லை என்பார்கள். என் உயிர் இருக்கும்வரை அதை யாரும் சொல்லக் கூடாது என்று எனக்கு ஒரு வெறி.

அதனால் போனில் நானே வாயை விட்டேன். "ரூமை சூடா வெக்கிறதுக்கு மிஷின் வாங்குறோம் அத்தே. நீங்களே வந்து பாருங்க. சரியில்லன்னா கூப்டுக்கினு போயிடுங்க."

"சரிம்மா, வந்து பாக்கேன்" என்று அவரும் சட்டென்று சொல்லிவிட்டார். போனை வைத்துவிட்டுத் திரும்பினால், என் வீட்டுக்காரர் வாயில் இருந்த தோசையை மெல்லாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா மிஷினு?" என்றார்.

"அதான் இனிமே பாக்கணும்."

ஓசூரில் குளிருக்கு மிஷின் தேடுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. பாகலூர் ரோட்டுக் கடைகளில் ஏறி இறங்கினோம். ஒரு கடையில் டை கட்டிய பையன் சிரித்தேவிட்டான். "ஓசூருக்கு ஹீட்டிங்கா மேடம்? இங்க கூலிங்கே ரெண்டு வருஷமாதான் ஓடுது." அது உண்மைதான். முன்பெல்லாம் ஓசூரில் மின்விசிறிகூட அலங்காரத்துக்குத்தான். இப்போது சித்திரை வந்தால் மாடி வீடு அப்பளமாய்ப் பொரிகிறது. கார்த்திகை வந்தால் விறைக்கிறது. இரண்டுக்கும் நடுவில் பாவப்பட்ட ஜனங்கள் நாங்கள்.

கம்பி சிவக்கும் ஹீட்டர் ஒன்றைக் காட்டினார்கள். பக்கத்தில் குழந்தைத் துணி பட்டால் அவ்வளவுதான், வேண்டாம் என்றேன். எண்ணெய் நிரப்பிய ஹீட்டர் ஒன்று இருந்தது, ரேடியேட்டரைப் பிடுங்கி வந்து நிறுத்தின மாதிரி. அது குளிர்காலம் போனதும் பரணில் தூங்கும் என்று என் வீட்டுக்காரர் தலையாட்டினார். வெயிலுக்கும் ஆக வேண்டும், குளிருக்கும் ஆக வேண்டும், விலையும் நம் கைக்கு அடங்க வேண்டும் என்பது அவர் கட்சி. அவருக்கு ஒரு ஃபாக்டரியில், அச்சும் கருவியும் செய்யும் டூல் ரூமில் வேலை. எதையும் நாலு பக்கமும் திருப்பிப் பார்க்காமல் கையில் எடுக்க மாட்டார்.

கடைசியில் அவர்தான் போனில் ஒரு ஏ.சி.யைக் கண்டுபிடித்தார். கடையே கிடையாது, டீலர் கிடையாது, கம்பெனிக்காரனே நேராக வீட்டுக்கு அனுப்புகிறான். குளிர்காற்றும் வரும், சூடான காற்றும் வரும். கடைக்காரன் லாபம் இல்லாததால் விலை குறைவு. அவருக்கு அதில் சந்தோஷம். எனக்கோ தொட்டுப் பார்க்காத சாமானை வாங்கிப் பழக்கமில்லை. பதினோரு வருஷமாக சிப்காட்டில் வண்டிப் பாகங்களுக்கு அளவு பார்க்கிறவள் நான். தலைமுடி அளவு வித்தியாசம் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். எங்கள் அளவு பார்க்கும் அறையில் வெயிலானாலும் மழையானாலும் ஒரே குளிர்ச்சி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரும்பு நீண்டு சுருங்கி அளவு மாறும். அதற்காகவே மேலே பீரோ உயரத்துக்கு ஏர் ஹேண்ட்லர் என்று ஒரு காற்றுப் பெட்டி நாள் முழுக்க உறுமிக்கொண்டிருக்கும். அதன் கீழேயே உட்கார்ந்து உட்கார்ந்து, காற்றுப் பெட்டிகளைப் பற்றி எனக்குத் தெரியாதது இல்லை என்று ஒரு திமிர் வேறு.

ஒரு வாரம் சாப்பாட்டு நேரமெல்லாம் அதே பேச்சு. அவர் போனில், ஏற்கெனவே வாங்கியவர்கள் எழுதிய கருத்துகளைப் படிப்பார். "சூப்பர் புராடக்ட்டுன்னு போட்டிருக்கான்."

"அவன் எந்த ஊருக்காரன்?"

"நெல்லூரு."

"நெல்லூருக்காரனுக்கு ஹீட்டிங்கு இன்னாத்துக்கு? அவன் அந்தப் பட்டனையே அமுக்கியிருக்க மாட்டான். குளிர் ஊருக்காரன் இன்னா சொல்றான், அத்தப் பாருங்க."

ஊட்டிக்காரர் ஒருவர் நன்றாக எழுதியிருந்தார். குன்னூர்க்காரர் ஒருவர் சூடு வருவதற்கு நேரமாகிறது என்று திட்டியிருந்தார். திட்டுகிறவன் பொய் சொல்ல மாட்டான் என்பது என் கட்சி. மெதுவாகவாவது வருகிறதே, அது போதும் என்று அந்தத் திட்டை நம்பியே வாங்க முடிவு செய்தேன். என் வீட்டுக்காரர் இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிக்கிறார்.

பெட்டி வந்துவிட்டது. மாட்டுகிற ஆள்தான் வரவில்லை. கம்பெனியின் பெங்களூரு ஆட்களுக்குப் போன் செய்தால், அத்திப்பள்ளி வரைக்கும்தான் எங்கள் ஏரியா என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு வைத்தார்கள். எங்கள் மொட்டை மாடியில் நின்றால் கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளி வெளிச்சம் தெரியும். சேலத்துக்காரர்களோ, ஓசூர் பெங்களூரோடு சேர்ந்தது என்றார்கள். மூன்றாவது முறை போன் செய்தபோது நான் போட்ட சத்தத்தில் சேலத்திலிருந்து இரண்டு பேர் பஸ் ஏறி வந்து சேர்ந்தார்கள்.

அதற்குள் இன்னொரு மலையைத் தாண்ட வேண்டியிருந்தது. கீழ் வீட்டில் இருக்கும் ஓனரம்மா. தெலுங்கு பேசுகிறவர், கணவர் இல்லை, மகன் பெங்களூரில். சுவரில் ஆணி அடித்தாலே கீழேயிருந்து குரல் வரும். ஓட்டை போட வேண்டும் என்றதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஓட்டையா? எந்த அளவுக்கு?"

கையால் காட்டினேன். பாதியாகக் குறைத்துத்தான் காட்டினேன்.

"போறப்போ அடைச்சி, பெயின்ட்டு அடிச்சிட்டுத்தான் போகணும்" என்று ஒப்புக்கொண்டார். ஆறு வருஷத்தில் எங்களுக்குள் வாடகையும் மோட்டாரும் தவிர வேறு பேச்சு நடந்ததில்லை. மார்கழி மாதம் மட்டும், விடியுமுன் அவர் வாசலில் போடும் கோலத்தை மிதிக்காமல் பைக்கை வெளியே எடுக்கச் சொல்லி ஒரு அதட்டல் கேட்கும்.

சேலத்துக்காரர்கள் உள் பெட்டியைப் படுக்கையறைச் சுவரில் மாட்டினார்கள். வெளிப் பெட்டியை வீட்டின் பின்பக்கம் வைக்கலாம் என்றார் என் வீட்டுக்காரர். நான் விடவில்லை. குழாய் நீண்டால் சூடு குறையும், முன்பக்கம் வைத்தால் குழாய் குட்டையாக இருக்கும் என்று கம்பெனி அறிவையெல்லாம் எடுத்துவிட்டேன். ஆணி, மட்டம், பைப் வளைவு, எல்லாவற்றையும் டேப் வைத்து அளந்து, அந்த இரண்டு பேரின் உயிரையும் வாங்கினேன். பெட்டி முன்வாசலுக்கு நேர் மேலே சுவரில் உட்கார்ந்தது. பகலில் கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்த்தார்கள், சூடாக வந்தது. கும்பிடு போட்டு அனுப்பிவைத்தேன்.

சாத்தூரில் வளைகாப்பு முடிந்து, மார்கழி பிறப்பதற்கு முந்தைய நாள் தங்கையும் அவள் மாமியாரும் வந்து இறங்கினார்கள். மாமியார் மங்கி குல்லா போட்டு, மகனுடைய ஸ்வெட்டரைப் புடவைக்கு மேல் மாட்டி, அதற்கு மேல் சால்வை போர்த்தி ஆட்டோவிலிருந்து இறங்கினார். தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்து, என் காதில், "அக்கா, இவங்க கிருஷ்ணகிரியிலேர்ந்தே நடுங்கிக்கினு வராங்க. மிஷினு வேலை செய்யுதா இல்லியா?" என்றாள்.

"வாயை மூடிக்கினு உள்ள வா."

மாமியார் காபிகூடக் குடிக்கவில்லை. நேராக அறைக்குள் போய், ஜன்னல் இடுக்கில் கை வைத்துக் காற்று வருகிறதா என்று பார்த்தார். பிறகு கட்டிலில் உட்கார்ந்து மிஷினை அண்ணாந்து பார்த்தார். நான் ரிமோட்டை அமுக்கினேன். விளக்கு எரிந்தது, காற்று வரவில்லை. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். குன்னூர்க்காரரே, நீர் சொன்னது இதுதானா என்று எனக்கு வியர்த்துவிட்டது. மாமியார் என்னைப் பார்த்தார், நான் மிஷினைப் பார்த்தேன், தங்கை கூரையைப் பார்த்தாள். பிறகு மெல்ல இறக்கை திறந்து வெதுவெதுப்பாகக் காற்று வந்தது. மாமியார் குல்லாவைக் கழற்றினார். கொஞ்ச நேரத்தில் சால்வை போனது, அதன் பிறகு ஸ்வெட்டர். எனக்கு விசில் அடிக்கலாம் போல இருந்தது.

"சூடு நல்லாத்தான் இருக்கு" என்றார். என் வீட்டுக்காரர் கதவருகே நின்று எனக்கு மட்டும் தெரியும்படி சிரித்தார்.

"அது கெடக்கட்டும்" என்று மாமியார் தொடர்ந்தார். "நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிருவீக. பகல்ல இவ கூட யாரு இருப்பா?"

டாக்டர் சொன்ன தேதியிலிருந்து லீவு எழுதிக் கொடுத்திருந்தேன். அதற்கு முன்னால் கேட்டால் கிடைக்காது. என் வீட்டுக்காரருக்கு ஷிஃப்ட் மாறி மாறி வரும்.

"போன் பண்ணா பத்து நிமிஷத்துல வந்துடுவேன் அத்தே."

"வலி கண்டு போனைத் தேடிக்கிட்டு இருப்பாளா? மாடிப்படி வேற. மிஷினு வாங்கி மாட்டிட்டீக. ஆள வாங்கி மாட்ட முடியுமா?" அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்தாலாவது நானும் கத்தியிருப்பேன். "தப்பா எடுத்துக்காதத்தா. ரெண்டு நாள் இருந்துட்டு நானே கூட்டிட்டுப் போயிருதேன்."

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணுக்குத் தெரிந்த குளிரைத்தான் நான் அளந்திருக்கிறேன். அந்த அம்மாள் கேட்டது நியாயமான கேள்வி, அதுதான் பொறுக்கவில்லை. தங்கை என் புடவை ஒன்றை எடுத்துப் போர்த்திக்கொண்டு அந்தச் சூடான அறையில் படுத்துத் தூங்கினாள்.

மறுநாள் மார்கழி முதல் தேதி. இன்னும் நன்றாக விடியவில்லை, கீழேயிருந்து ஒரு அலறல். அடுத்து மாடிப்படியில் தடதடவென்று காலடி. கதவைத் திறந்தால் ஓனரம்மா, கையெல்லாம் கலர்ப்பொடி.

"இது இன்னா நியாயம்மா? வந்து பாரு! வந்து பாரு உன் ஏ.சி. பண்ணின வேலையை!"

எட்டிப் பார்த்தேன். ஐயோ சாமி! வாசலை அடைத்து இரண்டு மயில் போட்டிருந்தார். ஒரு மயிலுக்குத் தோகை இருந்தது. இன்னொன்று இருந்த இடத்தில் நீலமும் பச்சையுமாகச் சாயத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மேலே எங்கள் வெளிப் பெட்டியிலிருந்து தண்ணீர் கொட்டியது.

வெயில் காலத்தில் வியர்ப்பது உள் பெட்டி. அதற்கு ட்யூப் போட்டிருந்தார்கள். அறையைச் சூடாக்கும்போது வியர்ப்பது வெளிப் பெட்டி, அதுவும் சேர்த்து வைத்துத் திடீரென்று கொட்டும். சேலத்துக்காரர்களுக்கு அதுவரை வெயிலுக்குத்தான் மாட்டிப் பழக்கம், அவர்களுக்குத் தோன்றவில்லை. டேப் வைத்துச் சுற்றிச் சுற்றி அளந்த எனக்கும் தோன்றவில்லை. முன்வாசலுக்கு நேராக வை என்று அடம் பிடித்தவளும் நான்தான்.

மன்னிப்புக் கேட்க வேண்டிய இடத்தில் என் வாய் சும்மா இருந்ததா? "ஒரு கோலம்தானே ஆன்ட்டி, இப்போ இன்னா குடியா முழுகிப்போச்சி?" என்று விட்டுவிட்டேன்.

"ஒரு கோலமா? மாசம் பொறக்குற மொத கோலம்! கழட்டு அதை. இப்பவே கழட்டு. இல்லன்னா வீட்டைக் காலி பண்ணு!" என்றவர், கோபத்தில் தெலுங்குக்குப் போய்விட்டார். கடையில் கொத்தமல்லி கேட்கும் அளவுக்குத்தான் எனக்குத் தெலுங்கு வரும் என்றாலும், அவர் சொன்னதில் பாதி புரிந்தது, புரியாமலே இருந்திருக்கலாம்.

அப்போது என் பின்னாலிருந்து இன்னொரு தெலுங்குக் குரல் வந்தது. திரும்பினால், சாத்தூர் மாமியார், தூக்கக் கலக்கத்தோடு, குல்லா ஒரு பக்கம் சாய்ந்து நிற்க. அவர்கள் வீட்டில் தெலுங்குதான் பேசுவார்கள் என்பது எனக்குத் தெரியும், அந்த நேரத்தில் நினைவில்லை. ஓனரம்மா பாதி வசையில் நின்றார். இவர் ஏதோ கேட்டார், அவர் ஏதோ சொன்னார். இவர் எட்டிப் பார்த்து, மயிலைக் கண்டு, தன் மயிலே போனதுபோல நெஞ்சில் கை வைத்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்துத் தமிழில், "அறிவு இருக்கா ஒனக்கு? மொத நாள் கோலத்துல தண்ணி ஊத்தி வச்சிருக்க!" என்றார்.

ஓனரம்மாவுக்கு அது இளநீர் குடித்த மாதிரி இறங்கியது.

இரண்டு பேரும் கீழே போனார்கள். சாத்தூரம்மாள் குளிரை மறந்து செருப்பில்லாமல் வாசலில் உட்கார்ந்து புள்ளி வைத்தார். ஓனரம்மாவின் தெலுங்கு ஒரு மாதிரி, இவருடையது ஒரு மாதிரி, ஒருவர் சொல்லுக்கு இன்னொருவர் சிரித்துச் சிரித்து, அழிந்த மயில் இருந்த இடத்தில் ஒரு தேர் வந்தது. என் வீட்டுக்காரர் ஏணி போட்டு ஏறி, வெளிப் பெட்டிக்கு ஒரு ட்யூப் செருகி, தண்ணீரை ஓனரம்மாவின் ரோஜாத் தொட்டிகளுக்குத் திருப்பிவிட்டார். தங்கை படியில் உட்கார்ந்திருந்தாள். அவள் கையில் காபி டம்ளரைத் திணித்தவர் ஓனரம்மா. ஆறு வருஷத்தில் எனக்கு ஒரு சொட்டுக் காபி கொடுத்ததில்லை அந்த அம்மாள்!

இரண்டு நாள் நான் வேலைக்குப் போய் வருவதற்குள் என்னென்னவோ நடந்துவிட்டது. பகலெல்லாம் மூன்று பேரும் கீழ் வீட்டில். குளிர் ஏறினால் மூன்று பேரும் மேல் வீட்டில், என் மிஷினுக்கு அடியில். கிளம்ப வேண்டிய நாள் சாயங்காலம் நான் ஃபாக்டரி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தேன். தங்கையின் பெட்டி கட்டி வைத்திருக்கும் என்று பயந்துகொண்டே படியேறினேன். மாமியார் ஒரு கையில் தன் பையோடு நின்றிருந்தார். ஓனரம்மா பக்கத்தில் நின்றிருந்தார்.

"பகல்ல இந்தக்கா பாத்துக்கிடுதேன்னு சொல்லுது. ராத்திரிக்கு நீ இருக்க" என்றார் மாமியார். "புள்ளைய இங்கனயே பெறட்டும். வலி கண்டா மொத போன் எனக்கு வரணும், சொல்லிட்டேன்."

"பகல்ல கீழ் ரூம்லயே படுக்கட்டும்னு சொன்னேன். சும்மா சும்மா படி ஏற வேணாம்" என்றார் ஓனரம்மா. "ராத்திரிக்கு மட்டும் மேல, அந்தச் சூட்டுக்கு."

நான் தலையை மட்டும் ஆட்டினேன். அதற்கு மேல் அங்கே நின்றால் அசிங்கமாகிவிடும் என்று சமையலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அம்மா போன அன்றுகூட எல்லோருக்கும் காபி போட்டுக்கொண்டிருந்தவள் நான். இப்போது ஒரு வாடகை வீட்டுச் சமையலறையில், சந்தோஷத்தில், மூக்கு ஒழுக ஒழுக அழுதேன்.

பின்னால் தங்கை வந்து நின்றாள். வயிறு என் முதுகில் இடித்தது.

"அக்கா, அழுவுறதுன்னா அப்புறமா அழு. எனக்குப் பசிக்குது."

குழாயை மூடிவிட்டு, தோசைக்கல்லை அடுப்பில் வைத்தேன்.